நோயாளி போவதா, மெஷின் வருவதா?

ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே பாலைவனத்துக்குள் சுமார் 530 கிலோமீட்டர் போனால் கின்டோர் வரும். அந்தப் பாலைவனத்துப் பூர்வகுடிகளான பிந்துபி மக்கள் தங்கள் மொழியில் அதை வாலுங்குரு என்பார்கள். சில நூறு பேர் வசிக்கும் ஊர். ஒரு பள்ளிக்கூடம், ஒரு கிளினிக், ஒரு கடை, ஓவியர்கள் உட்கார்ந்து வரைய ஒரு கூடம். போகிற வழியில் பெரும்பகுதி செம்மண் சாலைதான். நல்ல மழை பெய்தால் அதையும் மூடிவிடுவார்கள்.

இப்போது ஒரு கணக்கு. கிட்னி செயலிழந்தவருக்கு வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 முதல் 5 மணி நேரம் டயாலிசிஸ் வேண்டும். கின்டோரிலிருந்து ஆலிஸ் போய்த் திரும்ப 1,060 கிலோமீட்டர். வாரத்துக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. யாராலும் முடியாது. ஆக, டயாலிசிஸ் தொடங்கும் நாளும் ஊரை விட்டுக் கிளம்பும் நாளும் ஒன்றாகவே இருந்தன. இருபது வருடத்துக்கு முன்புவரை இதற்கு மாற்று கிடைப்பதே அரிது. இன்று மாற்று உண்டு, ஆனால் எல்லாருக்கும் எல்லாமும் கிடைப்பதில்லை.

கின்டோரில் 52 வயதுப் பெண்மணி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேரன் பேத்தி எடுத்தவர், படம் வரைகிறவர், பதினைந்து வருடமாகச் சர்க்கரை. ஒரு வருடத்துக்குள் டயாலிசிஸ் தேவைப்படும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் முன்னால் என்னென்ன வழி இருக்கிறது, எதற்கு அவர் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று பார்க்கலாம். பணத்தை மட்டும் சொல்லவில்லை.

அதற்கு முன், இந்த நோய் ஏன் இங்கே இவ்வளவு என்று கேட்பீர்கள். தொலைதூரப் பூர்வகுடி ஊர்களில் கிட்னி செயலிழப்பு மற்ற ஆஸ்திரேலியர்களிடம் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம், அதுவும் இளம் வயதிலேயே. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஒரு பங்கு. எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைக்கு கிட்னியில் வடிகட்டும் அலகுகளே எண்ணிக்கையில் குறைவு. அது ஒரு பங்கு. ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து பேர், குழாய் ரிப்பேர், பிள்ளைகளுக்குச் சொறி சிரங்கு. அந்தப் புண்ணில் புகும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியும் கிட்னியைத் தாக்கும். சர்க்கரையை மட்டும் குற்றம் சொல்லி முடிப்பவர்கள் வீட்டுக் குழாயைத் திறந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.

சரி, முதல் வழி: ஆலிஸுக்குக் குடிபோவது.

மருத்துவக் கண்ணில் பார்த்தால் இதில் குறை சொல்ல முடியாது. பெரிய டயாலிசிஸ் மையங்கள், பயிற்சி பெற்ற நர்ஸ்கள், பக்கத்திலேயே மருத்துவமனை. ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்தால், ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துப் போடும் ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டால், உடனே ஆள் உண்டு. இதய நோயும் சேர்ந்திருக்கும் நோயாளி, அடிக்கடி படுத்துவிடுகிற நோயாளி ஆகியோருக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. இதை நான் மறுக்கவே போவதில்லை.

ஆனால் டயாலிசிஸ் நாற்காலியில் உட்காரும் நேரம் வாரத்துக்கு 15 மணிதான். மீதி 153 மணி நேரம் எங்கே இருப்பது? விடுதியில் இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். உறவினர் வீட்டில் ஏற்கெனவே கூட்டம். பாட்டி தனியாகவும் வரமாட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு மகள், மகளோடு பிள்ளைகள். நகரத்துக்குள் ஓடும் டாட் ஆறு வருடத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல்தான். தங்க இடமில்லாதவர்கள் அந்த மணலில் படுப்பதும் உண்டு. வாரம் மூன்று முறை ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு ஆற்று மணலில் தூங்குகிற ஒருவரை மருத்துவ அறிக்கை எப்படிக் குறிப்பிடும்? 'நிலையான நோயாளி' என்று.

என் பெரியப்பாவுக்குத் துணையாகச் சில மாதங்கள் டயாலிசிஸ் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். நான்கு மணி நேரம் முடிந்து எழும்போது பிழிந்துபோட்ட துணி மாதிரி இருப்பார். ஆட்டோவில் இருபது நிமிடம், வீடு, ஒரு வாய் ரசம் சாதம், தூக்கம். மறுநாள்தான் அவர் பழைய ஆளாக ஆவார். அந்த இருபது நிமிட ஆட்டோவையும் ரசம் சாதத்தையும் எடுத்துவிட்டால் டயாலிசிஸில் என்ன மிஞ்சும் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

அப்புறம் சாவுக் காரியம். ஊரில் ஒருவர் இறந்தால் உறவு முறைப்படி வந்தே தீர வேண்டியவர்கள் உண்டு, நாள்கணக்கில் தங்க வேண்டியதும் உண்டு. துட்டிக்குப் போகாமல் இருந்தால் என்ன பேச்சு வரும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. போனால் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் தவறும். பொட்டாசியம் ஏறும், நுரையீரலில் நீர் கோக்கும், ராயல் ஃபிளையிங் டாக்டர் சேவையின் விமானம் வந்து தூக்கிப் போக வேண்டியிருக்கும். திரும்பி வந்தால் கோப்பில் 'சொன்னபடி கேட்காதவர்' என்று ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பு பின்னால் வேறோர் இடத்தில் அவர் காலை வாரும், அதற்கு வருகிறேன்.

இரண்டாவது வழி: ஊரிலேயே ஒரு டயாலிசிஸ் நாற்காலி. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதை அரசு கொடுக்கவில்லை. ஊர்க்காரர்களே படம் வரைந்து வாங்கினார்கள்.

1990-களின் கடைசியில் கின்டோர் மூத்தோர் கேட்டது ஒன்றே ஒன்று: மெஷினை இங்கே கொண்டுவாருங்கள். செலவு, தண்ணீர், பாதுகாப்பு என்று அதிகாரிகளிடமிருந்து வந்த பதில்கள் எல்லாம் இல்லை என்பதாகவே முடிந்தன. பெரியவர்கள் நகரத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் பிள்ளைகளுக்கு நிலத்தின் கதைகளையும் சடங்குகளையும் யார் சொல்லித் தருவது என்பதுதான் ஊரின் கவலை. 2000 நவம்பரில் சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் ஓர் ஏலம் நடந்தது. கின்டோர் ஆண்கள் கூடி வரைந்த ஒன்று, பெண்கள் வரைந்த ஒன்று, இன்னும் மேற்கே இருக்கும் கிவிர்குராவின் ஆண்களும் பெண்களும் வரைந்தவை இரண்டு என்று நான்கு பெரிய கூட்டு ஓவியங்கள் முக்கியமாக ஏலத்துக்கு வந்தன. பப்புன்யா டூலா ஓவியர் நிறுவனத்தின் கலைஞர்கள் இவர்கள். உலகம் அறிந்த கைகள். மொத்தம் 10 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. இறந்தவர் பெயரைச் சொல்வதை அம்மக்கள் தவிர்ப்பார்கள். அதனால் முன்னின்று நடத்திய மூத்தோரின் பெயர்களை நானும் எழுதவில்லை.

அந்தப் பணத்தில் பிறந்த அமைப்பின் பெயர் நீளமானது: வெஸ்டர்ன் டெசர்ட் ஙானம்பா வால்ய்ட்ஜா பால்யன்ட்ஜாகு ட்ஜுடாகு. எங்கள் உறவுகள் எல்லாரையும் நலமாக்குவது என்று பொருள். ஆலிஸில் அவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஊதா நிறம் அடித்திருப்பதால் எல்லாரும் பர்ப்பிள் ஹவுஸ் என்றே சொல்கிறார்கள். 2004-இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. பிறகு கிவிர்குரா, யுவெண்டுமு, ந்தாரியா, லஜமானு, பப்புன்யா, வார்பர்ட்டன், பூகட்ஜா என்று ஊர் ஊராகப் பரவியது.

நம் பாட்டிக்கு இதில் என்ன கிடைக்கும்? நாற்காலியில் இருக்கும்போது பேத்தி ஓடிவந்து எட்டிப் பார்ப்பாள். முடிந்ததும் தன் வீட்டுத் திண்ணை. டயாலிசிஸ் இல்லாத நாளில் வரையலாம், கங்காரு வால் சுடுகிற இடத்தில் உட்காரலாம், சாவுக்கும் சடங்குக்கும் போகலாம். சாவுக்குப் போவதும் டயாலிசிஸ் எடுப்பதும் ஒன்றோடொன்று மோதாத ஊரில், டயாலிசிஸைத் தவறவிட அவருக்குக் காரணமே குறைந்துவிடும்.

இதன் கஷ்டங்களையும் மறைக்கக் கூடாது. முதலில் தண்ணீர். மெஷினில் நிமிடத்துக்கு 500 மில்லி டயாலிசிஸ் திரவம் ஓடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். நாம் குடிக்கிற இரண்டு லிட்டரைக் குடலும் கிட்னியும் பார்த்துக்கொள்ளும். இந்த 120 லிட்டருக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வுதான். பாலைவன ஆழ்துளைக் கிணற்று நீரோ உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது. ஆர்.ஓ. கருவியில் ஏற்றித்தான் எடுக்க வேண்டும். அதில் உள்ளே போவதில் ஒரு பகுதி கழிவாக வெளியேறும். ஆக, இறைக்கிற தண்ணீர் 120 லிட்டரைவிட நிறையவே அதிகம். ஃபில்டர் அடைத்தால் பக்கத்துத் தெருவில் மெக்கானிக் கிடையாது.

அடுத்தது நர்ஸ். இதுதான் உண்மையான முடிச்சு. இரண்டு நாற்காலி இருக்கிற அறையில் ஒரு நாற்காலிக்குத் திங்கள்-புதன்-வெள்ளி ஒருவர், செவ்வாய்-வியாழன்-சனி ஒருவர் என்றால் நான்கு பேர். ஒரு நாளைக்கு இரண்டு ஷிஃப்ட் ஓட்டினால் எட்டு. ஆனால் டயாலிசிஸ் தெரிந்த நர்ஸ் 530 கிலோமீட்டர் தள்ளி வந்து தங்க வேண்டும். தங்க வீடு வேண்டும். லீவுக்கு மாற்று ஆள் வேண்டும். நர்ஸ் கிடைக்காவிட்டால் மெஷின் பளபளவென்று இருக்க அறை பூட்டிக் கிடக்கும். நிரந்தர இடம் கிடைக்காதவர்கள் ஆலிஸில் இருந்துகொண்டு முறை வைத்துச் சில வாரங்கள் ஊருக்கு வந்து போகிறார்கள்.

மூன்றாவதாக, யார் பணம்? மருத்துவமனை என்றால் மாநிலம், ஊர் கிளினிக் என்றால் மத்திய அரசு என்று இரண்டு பக்கமும் வருடக்கணக்காகப் பந்தை உருட்டினார்கள். 2009-இல் இது உச்சத்துக்குப் போனது. எல்லைக்கு அப்பால் மேற்கு, தெற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த புதிய நோயாளிகளுக்கு ஆலிஸில் இடமில்லை என்று, ஆலிஸும் கின்டோரும் இருக்கும் வடக்குப் பிரதேசத்தின் அரசு கதவைச் சாத்தியது. கிவிர்குரா மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. பக்கத்து நகரம் ஆலிஸ். உங்கள் மாநிலத் தலைநகருக்குப் போங்கள் என்றால் இந்தியப் பெருங்கடல் கரையிலிருக்கும் பெர்த்துக்கு என்று பொருள். அந்த மக்களின் நிலத்தில் அந்த எல்லைக்கோட்டை யாரோ வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கிழித்திருக்கிறார்கள்.

இதில் பெரிய திருப்பம் 2018 நவம்பரில் வந்தது. மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரில், மிகத் தொலைதூர ஊர்களில் நர்ஸோ பூர்வகுடி சுகாதாரப் பணியாளரோ மேற்பார்வையிடும் டயாலிசிஸுக்கென்று தனிக் கட்டண இனமே சேர்த்தார்கள். ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு என்று பணம் வரும். ஏலம் போட்டு நடத்திய காரியத்துக்கு 18 வருடம் கழித்து ஒரு பில் எண். அதற்குப் பிறகுதான் ஊர் யூனிட்களின் எண்ணிக்கை வேகம் பிடித்தது. 2022-இல் வந்த அரசு 30 யூனிட் வரை அமைக்க 45 மில்லியன் டாலர் அறிவித்தது. கட்டடத்துக்குப் பணம் கிடைப்பது எளிது, ரிப்பன் வெட்டலாம். நர்ஸ் வீட்டுக்கு ரிப்பன் வெட்ட யாரும் வருவதில்லை.

மூன்றாவது வழி, வயிற்று வழி டயாலிசிஸ். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் சி.ஏ.பி.டி. என்பார்கள். வயிற்றில் ஒரு குழாய். 2 லிட்டர் திரவப் பையை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்து, வடித்து, அடுத்த பை. ஒரு நாளைக்குப் பெரும்பாலும் நான்கு முறை. மெஷினும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், நர்ஸும் வேண்டாம். காகிதத்தில் பார்த்தால் பாலைவனத்துக்கென்றே கண்டுபிடித்தது போல இருக்கும்.

இதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு நான்கு என்றால் மாதம் 120 பை, திரவம் மட்டும் 240 கிலோ. அட்டைப் பெட்டிகளில் லாரியில் வர வேண்டும். சாலை மூடியிருந்தால் வராது. வந்தால், 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில், ஏற்கெனவே பத்துப் பேர் படுக்கும் வீட்டில் எந்த மூலையில் அடுக்குவது? ஒவ்வொரு முறையும் கையைக் கழுவி, கதவைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி அரை மணி நேரம் ஒருவர் தனியாக உட்கார ஓர் அறை வேண்டும். தொலைதூரப் பூர்வகுடி நோயாளிகளிடம் வயிற்றுச் சவ்வு அழற்சி அதிகம், இந்த முறை தோற்றுப்போய் மெஷினுக்கு மாற வேண்டியவர்களும் அதிகம். இது மக்களின் பழக்கக் குறை என்று சொல்வது எளிது. வீடு நன்றாக இருப்பவர், கூட ஒரு மகள் உறுதியாக இருப்பவர், இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகிறவர் ஆகியோருக்கு முதல் சில வருடங்களுக்கு இது நல்ல வழியே. மற்றவர்களுக்கு நான் தயங்குவேன்.

வீட்டு ஹீமோடயாலிசிஸ், அதாவது ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினை வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று இன்னொன்று உண்டு: மாதக்கணக்கில் நகரத்தில் தங்கிப் பயிற்சி, தன் கையில் தானே தடித்த ஊசி குத்திக்கொள்வது, மெஷின் அலறினால் தானே சமாளிப்பது. துணிந்து செய்பவர்கள் உண்டு. நர்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது பெரிய விடுதலை. ஆனால் பார்வை மங்கிய, சர்க்கரையால் விரல் மரத்த 52 வயதுக்காரரிடம் இதை முதல் யோசனையாக வைக்க எனக்கு மனம் வராது.

அப்புறம் லாரி. பர்ப்பிள் ஹவுஸ் 2011-இல் ஒரு நடமாடும் டயாலிசிஸ் லாரியை இறக்கியது. உள்ளே இரண்டு நாற்காலி, தண்ணீர் சுத்திகரிப்பு, வெளியே முழுக்க பாலைவன ஓவியம். யூனிட் இல்லாத ஊருக்குப் போய் சில நாள், சில வாரம் நிற்கும். திருவிழா, சடங்கு, சாவு, கால்பந்துப் போட்டி எதுவானாலும் அந்த நேரம் நோயாளிகள் ஊரில் இருக்கலாம். இதைப் பட்டியலில் தனி வழியாக நான் சேர்க்கவில்லை. லாரியில் யாரும் வருடம் முழுக்க டயாலிசிஸ் எடுப்பதில்லை. நகரத்தில் மாட்டிக்கொண்டவருக்குக் கிடைக்கும் லீவு அது. ஆனால் லீவே இல்லாத வேலையை நினைத்துப் பாருங்கள்.

மாற்றுச் சிறுநீரகம்தான் மற்ற எல்லாவற்றையும்விட மேல். பொருந்தியவருக்கு நாற்காலியே வேண்டாம், மாத்திரையோடு ஊருக்குப் போகலாம். ஆனால் காத்திருப்போர் பட்டியலில் ஏறுவதிலேயே பூர்வகுடி நோயாளிகள் மிகவும் பின்தங்கியிருக்கிறார்கள். இதற்காகவே 2019-இல் தேசிய அளவில் ஒரு பணிக்குழு அமைத்தார்கள். வடக்குப் பிரதேசத்தில் அறுவை சிகிச்சை கிடையாது. 1,500 கிலோமீட்டர் தெற்கே அடிலெய்டுக்குப் போக வேண்டும். அதற்கு முன் இதயப் பரிசோதனை, பல் பரிசோதனை, இன்னும் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பயணம், ஒரு சந்திப்பு நாள். ஒன்று தவறினால் வரிசையில் பின்னால். உறவில் யாராவது கிட்னி தரலாம் என்றால் அவர்களுக்கும் சர்க்கரை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளால் வரும் தொற்றும் இங்கே பெரிய ஆபத்து. கோப்பில் இருக்கும் அந்த 'சொன்னபடி கேட்காதவர்' குறிப்பு காலை வாரும் என்று சொன்னேனே, அது இங்கேதான்: சாவுக்குப் போனதற்காகத் தவறிய இரண்டு டயாலிசிஸ், மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார் என்பதற்குச் சாட்சியாகிவிடும்.

கடைசி வழியைப் பற்றிப் பேச நம் வீடுகளில் வாய் வராது. டயாலிசிஸே வேண்டாம் என்பது, அல்லது எடுத்துக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு ஊருக்குப் போவது. நிறுத்தியபின் பெரும்பாலானவர்களுக்கு மிஞ்சுவது ஒன்று அல்லது இரண்டு வாரம். மூச்சுத் திணறலுக்கும் அரிப்புக்கும் வலிக்கும் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால், தன் நிலத்தில், தன் மொழி காதில் விழக் கண்மூடலாம். இதைத் தேர்ந்தெடுத்தவர்கள் உண்டு. நகரத்தில் வாழ்வதா, ஊரில் சாவதா என்று மட்டும் கேட்டுப் பெறும் பதிலைத் தேர்வு என்று சொல்ல நான் தயாரில்லை. ஊரில் நாற்காலியும் இருந்து, அதன் பிறகும் ஒருவர் போதும் என்றால், அது அவருடைய சொல்.

நம் பாட்டிக்கு வருவோம். நான் அவருடைய மகளாக இருந்தால், கின்டோர் நாற்காலிக்கு இன்றே பெயர் கொடுப்பேன். டயாலிசிஸ் தொடங்கும் வரை காத்திருக்கமாட்டேன். முதல் சில மாதம் ஆலிஸில்தான் இருக்க வேண்டிவரும், உடல் எப்படி ஏற்கிறது என்று பார்த்து நிலைப்படுத்த. அதற்கு எத்தனை வாரம் என்று வாயால் இல்லாமல் எழுத்தில் கேட்பேன். மாற்றுச் சிறுநீரகப் பரிசோதனைகளை அந்த மாதங்களிலேயே, நகரத்தில் இருக்கும்போதே முடித்துத் தரச் சொல்வேன். பர்ப்பிள் ஹவுஸில் நம் மொழி பேசுகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போவேன். பொட்டாசியம், ஃபிஸ்டுலா என்று ஆங்கிலத்தில் தலையாட்டிவிட்டு வந்த எத்தனையோ பேர் உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னால் கை. மணிக்கட்டுக்கருகே ரத்தக்குழாய்கள் இரண்டை இணைத்து ஃபிஸ்டுலா போட்டால், அது ஊசி தாங்கும் அளவுக்குத் தடிக்க ஆறு வாரமாவது ஆகும், சிலருக்கு மாதங்கள். தள்ளிப்போட்டால் ஒரு நாள் மூச்சுத் திணறி விமானத்தில் போய், கழுத்தில் குழாயோடு தொடங்க வேண்டிவரும். கழுத்துக் குழாயில் தொற்று எளிது, அதோடு ஊர் நாற்காலிக்கு விடத் தயங்குவார்கள். வரைகிற கை வலது என்றால் ஃபிஸ்டுலாவை இடது கையில் போடச் சொல்ல வேண்டும். இன்றிலிருந்தே அந்தக் கையில் யாரையும் ரத்தம் எடுக்க விடக் கூடாது.